‘நீந்தத் தெரியும்’ என்று சொல்வதற்கு முன்



பள்ளி விடுமுறை நெருங்கும் வேளையில் வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “உங்களில் யார் யாருக்கு நீந்தத் தெரியும்?” என்பேன். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் கையைத் தூக்குவார்கள். எங்கே நீந்துவாய், எப்படி நீந்துவாய் என்று ஒவ்வொருவராக விசாரிக்கும்போதுதான் விஷயம் வெளியாகும். ஒருவன் பாலத்தடியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையை வீசி நடப்பதை நீச்சல் என்கிறான். இன்னொருவன் லோரி டியூப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதப்பதைச் சொல்கிறான். ஒரு சிறுமி, அண்ணனுக்குத் தெரியும் என்பதற்காகத் தன் கையையும் தூக்கியிருக்கிறாள். கால் எட்டாத தண்ணீரில் தவறி விழுந்தால் தானே கரையேறக் கூடியவர்கள் அத்தனை கைகளில் இரண்டோ மூன்றோதான் இருப்பார்கள்.

பிள்ளைகள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ‘நீந்தத் தெரியும்’ என்ற சொல்லுக்குள் பத்துப் பொருள் இருக்கிறது. அதுதான் தொல்லை.

இப்போது தோட்டத்தை ஒட்டிய பட்டணங்களில் பொது நீச்சல் குளங்கள் இருக்கின்றன. விடுமுறையில் வகுப்பும் நடக்கிறது. நம் குடும்பங்களில் சிலர் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. சேர்க்கப் போகும்போது பாரத்தில் ஒரு கேள்வி இருக்கும், அல்லது பயிற்றுநரே வாயால் கேட்பார்: “புதியவரா, ஏற்கெனவே தெரிந்தவரா?” இந்த ஒரு கேள்விக்கு அப்பா அம்மாக்கள் யோசிக்காமல் விடை சொல்லிவிடுகிறார்கள். அந்த விடையை எப்படி ஆராய்ந்து சொல்வது என்பதே இன்றைய பேச்சு.

தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் என்ன ஆகும்? பிள்ளையை ஆழமான பக்கத்தில், தெரிந்தவர்கள் கூட்டத்தில் நிறுத்துவார்கள். பயிற்றுநரின் கண், தெரியாதவர்கள் மேல்தான் அதிகம் இருக்கும். நம் பிள்ளை அந்தக் கண்ணுக்கு வெளியே இருப்பான். மறுபுறம், தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் இரண்டு வாரப் பணமும் பொழுதும் வீணாகும், பிள்ளை சலித்துக்கொள்வான். இரண்டும் தவறுதான். ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல. சந்தேகம் வந்தால் ஒரு படி குறைத்துச் சொல்லுங்கள்.

ஆற்றோரத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், தங்களை மிக உயர்வாக மதிப்பிட்டுக்கொள்வோர் பெரும்பாலும் அவர்களே. ஆறு அவர்களுக்குச் சிலவற்றை நன்றாகவே கற்றுக் கொடுத்திருக்கிறது. தண்ணீரைக் கண்டு பயமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு முங்குவார்கள். ஆனால் ஆறு ஏமாற்றவும் செய்கிறது. நீரோட்டத்தோடு போகிறவனை ஓட்டமே தூக்கிக்கொண்டு போகிறது. அவன் தான் நீந்தியதாக நினைத்துக்கொள்கிறான். எந்த இடத்தில் மணல் திட்டு, எந்த இடத்தில் கல் என்று அவன் காலுக்குத் தெரியும். நான்கு வீச்சு போட்டதும் கால் எங்கேயோ தட்டுகிறது, அங்கே நின்று மூச்சு வாங்குகிறான். ஆக அவன் அறிந்தது அந்த ஒரு துண்டு ஆற்றை. அதே பையனை ஓட்டமில்லாத, நிற்க இடமில்லாத தண்ணீரில் விட்டால் கதை வேறு.

அப்படிப்பட்ட தண்ணீர் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது. பழைய ஈயக் குட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் ஏரி போல அமைதியாக இருக்கும். ஆனால் அது மனிதன் தோண்டிய பள்ளம். ஆற்றங்கரை போலப் படிப்படியாகச் சரியாமல், கரையிலிருந்து இரண்டடி வைத்ததும் செங்குத்தாக இறங்கிவிடும் இடங்கள் உண்டு. அடியில் குழைந்த சேறு. கரை மண்ணும் பிடிமானமில்லாதது. ஏறக் கை வைத்தால் இடிந்து விழும். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், பூச்சோங்கில் கைவிடப்பட்ட குட்டை ஒன்றில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய தீயணைப்புப் படையின் நீர் மீட்பு வீரர்கள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பயிற்சியும் கயிறும் கருவியும் உள்ளவர்கள் அவர்கள். அன்றைய வேகமான நீர்ச்சுழலுக்கு முன் அவையெல்லாம் போதவில்லை.

சரி, எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

முதலில் இடம். ஆற்றிலோ குட்டையிலோ காண்வாயிலோ சோதனை வேண்டாம். கலங்கல் தண்ணீரில் பிள்ளை முங்கினால் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எலிக் காய்ச்சல் போன்ற தொல்லைகள் வேறு. காவலர் உள்ள நீச்சல் குளத்தில், பிள்ளையின் நெஞ்சளவு ஆழத்தில் செய்யுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிள்ளை முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்காலும் வாயாலும் மெதுவாகக் காற்றை வெளியே விடட்டும். குமிழிகள் வரும். பிறகு முகத்தைத் தூக்கி மூச்சை உள்ளே இழுக்கட்டும். இப்படிப் பத்துத் தடவை, முகத்தைக் கையால் துடைக்காமல், பதறாமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். நீச்சலின் அடிப்படை இதுதான். இரண்டாவது தடவையே இருமிக்கொண்டு முகத்தைத் துடைக்கிற பிள்ளை, எவ்வளவு வேகமாகக் கையை அடித்தாலும் புதியவனே. தயங்காமல் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

மூச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல பையன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து மீட்டர் தூரம் பாய்ந்து போய்விடுவார்கள். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் மூச்சு தீர்ந்த இடத்தில் அவனுடைய நீச்சலும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே எவ்வளவு தூரம் போனான் என்று அளக்காதீர்கள். வழியில் எத்தனை தடவை நிதானமாக மூச்சு வாங்கினான் என்று எண்ணுங்கள். ஒரு தடவைகூட வாங்கவில்லை என்றால் அந்தப் பத்து மீட்டரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று பையன்கள் பந்தயம் கட்டுவதுண்டு. முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்துவிடுகிறது. ‘மூச்சு வேண்டும்’ என்று உடம்பு தவிப்பது அந்த வாயு கூடுவதால்தான். அது குறைந்துவிட்டால் தவிப்பே தோன்றாது; பிராணவாயு தீர்ந்து, முன்னறிவிப்பில்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். திறமையைச் சோதிக்க இது வழியே அல்ல.

அடுத்தது மிதப்பது. மல்லாந்து படுத்து, காதுகள் தண்ணீருக்குள் இருக்க, கண் வானத்தைப் பார்க்க, கை கால்களைத் தளர்த்தி 10 விநாடி இருக்க முடிகிறதா? நம் உடம்பின் கனம் ஏறக்குறையத் தண்ணீரின் கனமேதான். நுரையீரலில் காற்று இருக்கும்போது பெரும்பாலோர் மிதப்பார்கள். காற்றை முழுக்க விட்டுவிட்டால் பெரும்பாலோர் தாழ்வார்கள். காற்று நெஞ்சில் இருப்பதால் நெஞ்சு மேலேயும், எலும்பும் தசையுமான கால்கள் கீழேயும் போவது இயற்கை. மெலிந்து இறுகிய உடம்புள்ள பையன்களுக்குக் கால் சீக்கிரம் தாழும். பெண்களுக்குப் பொதுவாக மிதப்பது எளிது. ‘எனக்கு வயதாகிவிட்டது, என்னால் ஆகாது’ என்று சொல்லும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலையைத் தூக்கினால் மட்டும் யாருக்கும் கால் தாழ்ந்துவிடும். தலையைத் தூக்கிக்கொண்டே போகும் நாய் நீச்சல் சீக்கிரம் களைப்பூட்டுவதற்கும் காரணம் அதுவே.

மிதந்த பிறகு, பக்கத்தில் எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? பலரும் பார்க்க மறப்பது இது. மல்லாந்து கிடக்கும் பிள்ளை முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, கையால் தண்ணீரை அழுத்தி, காலைக் கீழே ஊன்ற வேண்டும். இது தெரியாத பிள்ளை நெஞ்சளவுத் தண்ணீரிலேயே தடுமாறித் தண்ணீர் குடிக்கும்.

இவை மூன்றும் கைகூடினால், சுவரைக் காலால் உந்தி, கையை முன்னே நீட்டி, அம்பு போல வழுக்கிச் செல்லச் சொல்லுங்கள். உதைக்க வேண்டாம், கை வீச வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் உடம்பு நேராகப் போனால் தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று அந்தப் பிள்ளையின் உடம்பு நம்பிவிட்டது என்று பொருள். எந்தப் பயிற்றுநரும் இதை மகிழ்ச்சியோடு பார்ப்பார்.

வீட்டார் செய்யும் சோதனை இத்துடன் நிற்க வேண்டும். ஆழமான பக்கத்துச் சோதனையைப் பயிற்றுநரே செய்யட்டும். அது என்ன என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், தண்ணீரில் தன்னைக் காத்துக்கொள்ள ஒருவருக்குத் தெரிய வேண்டியவை என்று ஐந்து செயல்களைச் சொல்கிறது. தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து அல்லது இறங்கி, முழுக்க முங்க வேண்டும். மேலே வந்து ஒரு நிமிடம் மிதக்கவோ, நின்ற வாக்கில் காலை அசைத்துத் தலையை வெளியே வைத்திருக்கவோ வேண்டும்; இந்த இரண்டாவதை நிலைநீச்சல் என்போம். பிறகு ஒரு முழுச் சுற்றுத் திரும்பி, கரையேறும் வழி எங்கே என்று பார்க்க வேண்டும். 25 கெசம், அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் நீந்தி அங்கே சேர வேண்டும். குளமாக இருந்தால் ஏணியைப் பிடிக்காமல் கரையேற வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில், இடையில் ஓய்வின்றிச் செய்ய வேண்டும்.

இதில் அழகான நீச்சல் முறை எதையும் அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தவளை நீச்சலா, மல்லாந்த நீச்சலா என்பது பிறகு. விழுந்தவன் மேலே வருவானா, எங்கே போக வேண்டும் என்று பார்ப்பானா, போய்ச் சேர்வானா, ஏறுவானா என்பதே கேள்வி. எனக்கு இந்த வரிசை மிகவும் பிடித்திருக்கிறது. இந்த ஐந்தையும் செய்கிறவரைத்தான் நான் ‘நீந்தத் தெரிந்தவர்’ என்பேன். அப்போதும் அது குளத்துக்கு மட்டுமே தந்த சான்று.

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் ‘சுவிம்சேஃபர்’ என்ற பெயரைக் கேட்டிருக்கலாம். 2010-இல் அங்கே தொடங்கிய திட்டம் அது. முதல் மூன்று படிகள், பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஆறு கட்டங்கள். ஒரு பிள்ளை இரண்டாம் படி தேறியவன் என்றால், எந்தப் பயிற்றுநருக்கும் அவனைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. அப்படிச் சான்றிதழ் இல்லாத நம் பிள்ளைகளுக்கு, நாம் பார்த்தறிந்ததைச் சொல்வதே சான்றிதழ்.

எப்படிச் சொல்வது? “தெரியும்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். “ஐயா, முகத்தை வைத்து மூச்சு விடுவான். மல்லாந்து பத்து எண்ணும் வரை மிதப்பான், ஆனால் எழுந்து நிற்கத் தடுமாறுகிறான். ஆற்றில் மட்டுமே பழக்கம், கால் எட்டாத இடத்தில் இதுவரை விட்டதில்லை” என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்களும் பயிற்றுநருக்குப் பத்து நிமிட வேலையை மிச்சப்படுத்தும். வலிப்பு, ஆஸ்துமா, நெஞ்சுக் கோளாறு, காதில் சீழ் அல்லது செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மறைக்கவே கூடாது. வலிப்பு உள்ள பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து சில பெற்றோர் சொல்லாமல் விடுகிறார்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்; அவர் சரியென்றால், அந்தப் பிள்ளையை மட்டும் கவனிக்க ஓர் ஆள் தேவை என்பதைப் பயிற்றுநர் அறிந்திருக்க வேண்டும்.

பயத்தையும் சொல்லுங்கள். சிறு வயதில் தண்ணீரில் தத்தளித்தவருக்கு, முகம் நனைந்தாலே நெஞ்சு படபடக்கும். பயம் வேறு, திறமைக் குறைவு வேறு. நன்றாக மிதக்கக் கூடிய உடம்பு பயத்தால் விறைத்துத் தாழ்வதுண்டு. அப்படிப்பட்டவரைப் பிள்ளைகளோடு ஒன்றாக நிறுத்தாமல், தனியாக முதல் படியில் தொடங்குவது நல்லது. நம் தாய்மார்களுக்கு உடையைப் பற்றிய கூச்சமும் உண்டு. கையும் காலும் மூடிய நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. அது ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு மதிப்பீடும் இருக்கிறது. அதுதான் குடும்பத்தில் இரண்டாவது உயிரையும் கொண்டு போவது. ‘தம்பி விழுந்தால் நான் குதித்துத் தூக்குவேன்’ என்ற நம்பிக்கையைச் சொல்கிறேன். தான் நீந்துவது ஒரு திறமை. தத்தளிக்கும் இன்னொருவரைத் தூக்கி வருவது முற்றிலும் வேறொரு திறமை. தத்தளிப்பவர் அகப்பட்டதைக் கட்டிப் பிடித்து அழுத்திவிடுவார். கரையில் இருந்தபடியே நீண்ட கழியை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், மூடி இறுக்கிய 5 கிலோ எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் போடுங்கள். அந்தக் காலிப் போத்தல் ஒரு பிள்ளையைத் தாங்கும். 999-ஐ அழையுங்கள்.

மூழ்குகிறவர் கூச்சலிடுவார், கையை ஆட்டுவார் என்று படங்களில் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும்போது அதற்கு நேரமில்லை. கைகள் தாமாகவே இருபக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், மூழ்குவோரைப் படமெடுத்து ஆராய்ந்து, இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடி வரைதான் நீடிக்கிறது என்று கண்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. சத்தம் கேட்டால் ஓடிவரலாம் என்று அடுப்படியில் இருப்பவருக்கு எந்தச் சத்தமும் கேட்காது.

வகுப்பில் சேர்க்கும் நாளில் நீங்களும் சில கேள்விகள் கேட்கலாம். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தண்ணீரில் தனித்தனியே பார்ப்பீர்களா, அல்லது வயதை வைத்துப் பிரிப்பீர்களா? உயிர்காப்பாளர் தனியாக உண்டா, அல்லது பயிற்றுநரே இரண்டு வேலையும் பார்க்கிறாரா? பன்னிரண்டு வயதுப் பையனைப் பார்த்த மாத்திரத்தில் ‘பெரியவன்’ என்று ஆழப் பக்கம் அனுப்புகிற இடத்தில் பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

வகுப்பு முடிந்து பிள்ளை 25 மீட்டர் நீந்தக் கற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுக்குப் போகும்போது அவன் மறுபடியும் புதியவன்தான். குளத்தில் கோடு தெரிகிறது, சுவர் இருக்கிறது, தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஆற்றில் இவை ஒன்றும் இல்லை. அருவிப் பக்கம் போகிறவர்கள் ‘கெப்பாலா ஆயிர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வதை அறிந்திருக்க வேண்டும். மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயிலடிக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கும். 2021 ஆகஸ்டு 18-ஆம் நாள் கெடாவில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் உயிர்கள் போயின. தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலும், இலையும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலும், மேலேயிருந்து இரைச்சல் கூடினாலும், துணிமணிகளை எடுக்கக்கூட நிற்காமல் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.